பழைய சின்ன டிராக்டரின் பி.டி.ஓ.வில் கருவி மாட்டி ஓட்டும் முறை

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பகுதிகளில் தமிழ் பேசும் விவசாயிகளின் தோப்புகளுக்குள் இன்றும் 15 முதல் 25 குதிரைத் திறன் வரையுள்ள பழைய சின்ன டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டு, இடையில் வாழையோ தீவனப் புல்லோ வைத்திருக்கும் தோப்பில் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை என்பதால், முப்பது ஆண்டுகள் கடந்த வண்டியாக இருந்தாலும் அதை யாரும் எளிதில் விற்பதில்லை. வண்டி பழையதாகவே இருக்க, அதன் பின்னால் மாட்டும் மண் கிளறும் ரோட்டாவேட்டர், புல் வெட்டும் ஸ்லாஷர், குழி தோண்டும் கருவி, மருந்து தெளிக்கும் பம்பு ஆகியவை மட்டும் பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் புதிதாக வந்து சேருகின்றன. இப்படி வெவ்வேறு காலத்தில் செய்யப்பட்ட இரண்டு இயந்திரங்களை இணைப்பது, என்ஜினின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத்து பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) ஷாஃப்ட் ஒன்றுதான். பழைய டிராக்டரில் நேரும் உடைப்பும் விபத்தும் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். ஆகவே கருவியை விலை பேசுவதற்கு முன்பே டிராக்டரின் பின்னால் உட்கார்ந்து, என்ஜினை நிறுத்திய நிலையில், அந்த ஷாஃப்ட்டை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில் தடிமனையும் பல்லையும் பாருங்கள். இன்று கடைகளில் கிடைக்கும் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை 35 மில்லிமீட்டர், அதாவது 1⅜ அங்குலத் தடிமனுள்ள, ஆறு பல் கொண்ட ஷாஃப்ட்டுக்கென்று செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகமும் இந்த ஆறு பல் ஷாஃப்ட்டும் அமெரிக்காவில் 1920-களின் பிற்பகுதியில் பொதுத் தரமாக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியவை. அதற்குப் பிறகு 1950-களின் இறுதியில் வந்த 1,000 சுற்று ஷாஃப்ட்டுக்கு 21 சிறு பற்கள் உண்டு. மிகப் பழைய ஃபெர்குசன் டி.ஈ.20 போன்ற வண்டிகளில் ஷாஃப்ட்டும் ஆறு பல்தான், ஆனால் தடிமன் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அதில் இன்றைய கருவியை மாட்ட இடையில் ஓர் அடாப்டர் போட வேண்டியிருக்கும். தடிமனை நூல் சுற்றிக் கணக்கிடுவதை விட, வெர்னியர் காலிப்பர் உள்ள பட்டறையில் ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொள்வது மேல்.

அடுத்து வேகம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சிறு டிராக்டர்கள் பலவற்றில் பி.டி.ஓ.வுக்கென்றே இரண்டு அல்லது மூன்று கியர்கள் இருக்கின்றன. கியர் குமிழின் மேலிருந்த எழுத்து பல ஆண்டுகளுக்கு முன்பே தேய்ந்துபோன வண்டியில், எந்தக் கியர் எந்த வேகம் என்பது ஓட்டுபவரின் நினைவை மட்டுமே நம்பியிருக்கும். 540 சுற்றுக்கென்று செய்த ஸ்லாஷரை 1,000 சுற்றில் ஓட்டினால், கத்தியை வெளியே இழுக்கும் விசை இரு மடங்கு அல்ல, ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. வேகம் கூடும் விகிதத்தின் வர்க்கமாக அந்த விசை கூடும் என்பதே காரணம். எனவே கருவி எதுவும் மாட்டாத நிலையில், ஷாஃப்ட்டின் மேல் ஒளி பிரதிபலிக்கும் சிறு பட்டையை ஒட்டி, மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளில் வைத்திருக்கும் கையடக்க டாக்கோமீட்டரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு கியரிலும் என்ஜின் எந்த அளவு ஆக்சிலரேட்டரில் 540-ஐத் தொடுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர் கைப்பிடி நிற்கும் அந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், மீட்டர் வேலை செய்யாத வண்டியிலும் அந்தக் கோடே மீட்டராகிவிடும். எங்கள் வண்டியில் போட்ட வெள்ளைக் கோட்டைத்தான் இன்றுவரை நம்பி ஓட்டுகிறோம்.

அதே சோதனையில் ஷாஃப்ட் சுழலும் திசையையும் கவனியுங்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது கடிகார முள்ளின் திசையில் சுழல வேண்டும். இணையத்தில் அமெரிக்கத் தோட்ட டிராக்டர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றின் பழைய கருவிகளை இங்கே செய்து மாட்டலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 1961-இல் வந்த கப் கேடட், 1963-இல் வந்த ஜான் டீர் 110 போன்ற அந்த வண்டிகள் புல்தரை பராமரிப்புக்காகப் பிறந்தவை. அவற்றில் விசை பெரும்பாலும் முன்புறத்திலோ நடுவயிற்றிலோ பெல்ட் வழியாக, 540-ஐ விட மிகக் கூடுதலான வேகத்தில் எடுக்கப்படுகிறது. அவற்றின் கருவி அளவுகளை நம் வண்டியின் பின் ஷாஃப்ட்டுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கிளட்ச்சை மிதித்தால் என்ன நிற்கிறது?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான். புதிய டிராக்டர் ஓட்டிப் பழகியவருக்கு இது தோன்றவே தோன்றாது. பழைய சிறு டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச் ஒன்றே ஒன்று. பி.டி.ஓ. கியர் பெட்டியின் வழியாகவே ஓடும். கிளட்ச்சை மிதித்தால் என்ஜினிலிருந்து வரும் விசை அறுந்துவிடும், ஆனால் பி.டி.ஓ.வும் சக்கரங்களும் கியர் பெட்டிக்குள் ஒன்றோடொன்று பிணைந்தேதான் இருக்கும். பின்னால் சுழன்றுகொண்டிருக்கும் ஸ்லாஷரின் கனமான கத்தி தன் வேகத்தை விடாமல் ஷாஃப்ட்டைத் தொடர்ந்து சுற்றும். அந்தச் சுற்று கியர் பெட்டிக்குள் போய், சக்கரத்தை உருட்டி, வண்டியை முன்னே தள்ளும். ஓட்டுபவர் கிளட்ச்சை முழுதாக மிதித்திருப்பார், பிரேக்கையும் அழுத்தியிருப்பார், ஆனாலும் வண்டி நகரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், எங்களிடம் இருந்த பழைய 25 குதிரைத் திறன் வண்டியில் ஸ்லாஷர் மாட்டி, வாய்க்கால் கரையோரத்துப் புல்லை என் தாய்மாமா வெட்டிக்கொண்டிருந்தார். கரையின் முனையில் திரும்புவதற்காகக் கிளட்ச்சை மிதித்தார். வண்டி நிற்காமல் இன்னும் ஐந்தாறு அடி போய், முன்சக்கரம் ஒன்று கரையைத் தாண்டித் தொங்கியது. வாய்க்காலில் அன்று தண்ணீர் இல்லை, கரையில் ஒரு வேப்பமரத்தின் வேர் புடைத்திருந்தது. அந்த வேர்தான் வண்டியைத் தடுத்தது. வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. அது செய்யப்பட்ட விதமே அப்படி என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது, அதைச் சொல்லாமல்தான் எங்களுக்கு அந்த ஸ்லாஷரும் விற்கப்பட்டது.

இதற்கான மாற்று எளியது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தானே ஓட விடுகிற ஃப்ரீவீலைப் போல, ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன் கப்ளர் என்ற பொருள் கிடைக்கிறது. அதை டிராக்டரின் ஷாஃப்ட்டுக்கும் கருவியின் ஷாஃப்ட்டுக்கும் இடையில் மாட்டிவிட்டால், கிளட்ச்சை மிதித்தவுடன் கருவி தன் போக்கில் சுற்றி ஓயும், வண்டி நிற்கும். ஸ்லாஷர், தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் போன்று கனமான சுழற்சி உள்ள கருவிகளை ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கப்ளர் இல்லாமல் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரோட்டாவேட்டரை மண்ணே பிடித்து நிறுத்திவிடுவதால் அங்கே இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் மண்ணிலிருந்து தூக்கிய நிலையில் அதுவும் தள்ளும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள, சமதளத்தில், எதிரே நீண்ட இடம் விட்டு, கருவி இல்லாமல், மிகக் குறைந்த கியரில் வண்டியை நகரவிட்டு, பி.டி.ஓ.வையும் ஓடவிட்டுக் கிளட்ச்சை மெதுவாக மிதித்துப் பாருங்கள். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நின்று, முழுதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கிறது என்றால் அது இரட்டைக் கிளட்ச். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் ஒற்றைக் கிளட்ச். பழைய மாஸி ஃபெர்குசன் வகைகளில் இன்னொன்றும் உண்டு. பி.டி.ஓ. லீவரை ஒரு பக்கம் போட்டால் ஷாஃப்ட் என்ஜின் வேகத்துக்கும், மறுபக்கம் போட்டால் சக்கரம் உருளும் வேகத்துக்கும் ஏற்பச் சுழலும். சக்கரத்தோடு சேரும் நிலையில் வண்டி பின்னால் போனால் ஷாஃப்ட்டும் தலைகீழாகச் சுழலும் என்பதால், கருவியை ஓட்டும்போது லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஃபெர்குசன் டி.ஈ.20-இலோ ஹைட்ராலிக் பம்பையே பி.டி.ஓ. ஷாஃப்ட்தான் ஓட்டுகிறது, பி.டி.ஓ.வை விட்டால், அதாவது அதன் இணைப்பை எடுத்தால், கருவியைத் தூக்கும் லிஃப்ட்டும் வேலை செய்யாது.

ஷாஃப்ட்டை அளந்து வெட்டுதல்

டிராக்டரின் ஷாஃப்ட்டையும் கருவியின் ஷாஃப்ட்டையும் இணைக்கப் புதுக் கருவியோடு வரும் ஜாயின்ட் ஷாஃப்ட் எல்லா டிராக்டருக்கும் பொதுவான நீளத்தில் வரும். சின்ன டிராக்டருக்கு அது பெரும்பாலும் அதிக நீளமாக இருக்கும். அப்படியே மாட்டினால், லிஃப்ட் தூக்கும்போது ஷாஃப்ட் மேலும் சுருங்க இடமில்லாமல் டிராக்டரின் பின் பேரிங்கைக் குத்தித் தள்ளும். ஆயில் சீல் கிழிவதும், கொஞ்ச நாளில் பின் ஹவுசிங் விரிசல் விடுவதும் அதன் விளைவுகள். பழைய வண்டியின் ஹவுசிங்குக்கு மாற்று கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

கருவியை இரண்டு கீழ்க்கைகள், மேலே உள்ள டாப் லிங்க் ஆகிய மூன்று புள்ளியிலும் மாட்டி, லிஃப்ட்டால் மேலும் கீழும் நகர்த்தி, டிராக்டரின் ஷாஃப்ட்டும் கருவியின் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பொதுவாக இரண்டும் ஒரே மட்டத்தில் வரும் நிலைதான் அது. அந்த உயரத்தில் கருவிக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, என்ஜினை நிறுத்திவிட வேண்டும். பழைய ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, அதை நம்பித் தூக்கிய கருவியின் கீழே கையை நீட்டக் கூடாது. பிறகு ஜாயின்ட் ஷாஃப்ட்டை இரண்டாக உருவி, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியைக் கருவியிலும் மாட்டிப் பக்கத்தில் பக்கமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயின் நுனியும் எதிர்ப்பக்கத்து ஃபோர்க்கின் (கவையின்) அடியிலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு மேல் நீளும் பகுதியைக் குறித்து, உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறைகள் ஆகிய நான்கிலும் ஒரே அளவு வெட்டுங்கள். வெட்டிய முனையை அரத்தால் ராவி, உட்புறப் பிசிறை எடுத்து, கிரீஸ் தடவிச் செருகுங்கள். கருவி முழுதாக இறங்கி, ஷாஃப்ட் மிக நீண்டிருக்கும் நிலையில், குழாய்கள் ஒன்றினுள் ஒன்று குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது செருகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓட்டத்தில் கழன்று வீசியடிக்கும். ஓவர்ரன் கப்ளர் போடுவதானால் அதையும் மாட்டிய பின்பே அளக்க வேண்டும், ஏனென்றால் அது ஷாஃப்ட்டைச் சில அங்குலம் பின்னே தள்ளிவிடும்.

செருகும்போது குழாயின் இரு முனையிலுமுள்ள உள்பக்க ஃபோர்க்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு ஃபோர்க்குகளையும் சிலுவை வடிவத் துண்டால் கோர்க்கும் கிராஸ் ஜாயின்ட் வளைந்து நிற்கும்போது ஒரே சீராகச் சுழல்வதில்லை. 30 பாகைக் கோணத்தில் 540 சுற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மறுமுனை 468 வரை இறங்கி 624 வரை ஏறும். 15 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் மூன்றரை சதவீதம்தான். இரு முனையின் கோணமும் சமமாக இருந்து, ஃபோர்க்குகளும் நேராக இருந்தால் முதல் ஜாயின்ட்டின் நடுக்கத்தை இரண்டாவது ஜாயின்ட் அழித்துவிடும். ஒரு பல் மாற்றிச் செருகினால் இரண்டு நடுக்கமும் கூடி, கிராஸ் பேரிங் சில நாட்களில் பொடிப்பொடியாகும். டாப் லிங்க்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கருவியின் கியர் பெட்டியை டிராக்டரின் ஷாஃப்ட்டுக்கு இணையாக நிறுத்துவது இதற்காகத்தான்.

மாட்டுதலும் பளுவும்

20 குதிரைத் திறனுக்குக் கீழுள்ள வண்டிகளில் கீழ்க்கைகளில் செருகும் முளை (பின்) 16 மில்லிமீட்டராக இருக்கலாம், அதற்கு மேல் 22. சிறிய பின்னைப் பெரிய துளையில் ஆடவிட்டு ஓட்டினால் துளை முட்டை வடிவமாகிவிடும், புஷ் போட்டுப் பொருத்த வேண்டும். பக்கவாட்டுச் செயின்களை, கருவி இரண்டு விரல் அளவுக்கு மேல் ஆடாதபடி இறுக்குங்கள்.

என்ஜினின் குதிரைத் திறன் அப்படியே பி.டி.ஓ.வுக்கு வருவதில்லை. 18 குதிரைத் திறன் வண்டியில் 15 கிடைத்தால் நல்லது, முப்பது ஆண்டு ஓடிய என்ஜினில் இன்னும் குறையும். ஸ்லாஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத் திறன் என்ற கணக்கை வைத்தால், அந்த வண்டிக்கு 3 அடி ஸ்லாஷரே போதும். ரோட்டாவேட்டரும் 3 அடிக்கு மேல் வேண்டாம். கருவியைத் தூக்கியதும் முன்சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங் கேட்காது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும், ஆகையால் முன்பக்கம் எடைக் கட்டிகளைப் போடுங்கள். கரையேறும் இடங்களில் இதை மறந்தவர்கள் பட்டிருக்கிறார்கள்.

ஓட்டும்போது

கருவியைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பி.டி.ஓ.வைச் சேர்த்துக் கிளட்ச்சை ஆற அமர விடுங்கள். கருவி சுழலத் தொடங்கிய பிறகே ஆக்சிலரேட்டரைக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நிறுத்தும்போதும் முதலில் ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிட்டே பி.டி.ஓ.வை விட வேண்டும். முழு வேகத்தில் சேர்ப்பதால்தான் பழைய கியர் பெட்டிகளின் பல் போகிறது.

தென்னந்தோப்பில் ரோட்டாவேட்டரின் ஆழத்தை 10 சென்டிமீட்டருக்குள் வைத்து, பாத்திக்குள் நுழையாமல் ஓட்டுங்கள். தண்டிலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள்தான் மரத்தின் வேலை செய்யும் வேர்கள் மிகுதியாக இருக்கின்றன. மிகக் குறைந்த கியரில், நடந்து போகும் வேகத்தில் போதும். கத்தி மண்ணில் இருக்கும்போது வண்டியைத் திருப்பவோ பின்னால் எடுக்கவோ கூடாது. திருப்பத்தில் தூக்கும்போதும் கத்தி தரையை விட்டு ஒரு சாண் எழுந்தால் போதும், அதற்கு மேல் தூக்குவதானால் பி.டி.ஓ.வை விட்டுவிட்டுத் தூக்குங்கள்.

குழி தோண்டும் கருவியைப் பற்றி நம் கரிசல் காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரமான கரிசலில் அதன் திருகு மண்ணைத் தூக்காமல், ஸ்குரூ மரத்தில் இறங்குவதுபோல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். நின்றுவிட்டால் லிஃப்ட்டாலும் தூக்க முடியாது. எனவே அரையடிக்கு ஒருமுறை மேலே எடுத்து மண்ணை உதறிவிட்டு மீண்டும் இறக்குங்கள். சிக்கிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கழற்றி, பெரிய பைப் ரெஞ்சால் திருகைப் பின்பக்கமாகச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். கீழே அழுத்தம் கொடுக்க யாரையும் அதன் மேல் ஏறி நிற்கச் சொல்வது பெரும் பிழை. அறுந்துபோகும் ஷியர் போல்ட்டுக்குப் பதிலாகக் கருவியோடு வந்த அதே தர போல்ட்டைத்தான் போட வேண்டும். கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டால், அறுந்து காப்பாற்ற வேண்டிய போல்ட் நிற்கும், கியர் பெட்டி உடையும்.

ஓரிடத்தில் நிறுத்தி மருந்துப் பம்போ ஆல்டர்னேட்டரோ ஓட்டும்போது கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஆல்டர்னேட்டருக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், நான்கு துருவ வகையாக இருக்கும்பட்சத்தில், அது 1,500 சுற்றில் ஓட வேண்டும். 540-லிருந்து அதற்கு ஏறத்தாழ 2.8 மடங்கு கூட்டும் கப்பியோ கியரோ தேவை.

உடையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனமில்லை. நாம் கைலி கட்டி, தோளில் துண்டு போட்டு வேலை செய்கிறவர்கள். மட்டை பொறுக்கும் பெண்கள் சேலையில் வருகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் துண்டை எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபோர்க் நொடிக்கு 2.8 மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு மீட்டர்த் துண்டு ஒரு நொடிக்குள் தீர்ந்து, பிறகு ஆளைத்தான் இழுக்கும். ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறையும், அது சுழலாமல் கட்டி வைக்கும் சிறு சங்கிலியும், டிராக்டரின் பின்னால் ஷாஃப்ட்டுக்கு மேல் உள்ள தகட்டு மூடியும் இல்லாமல் வண்டியைத் தோப்புக்குள் எடுக்காதீர்கள். பழைய வண்டிகளில் அந்த மூடி எப்போதோ கழன்று போயிருக்கும், வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் செய்து மாட்டிவிடலாம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாலும், ஷாஃப்ட் சுழலும்போது பக்கத்தில் யாரும் வரக் கூடாது. ஸ்லாஷர் ஓடும்போது ஓட்டுபவரைத் தவிர எவரும் தோப்பின் அந்த வரிசையிலேயே இருக்கக் கூடாது, கொட்டாங்கச்சியும் கல்லும் வெகுதூரம் பறக்கும். மட்டை சிக்கினால் எவ்வளவு அவசரமானாலும் பி.டி.ஓ.வை விட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, கத்தி முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள்.

கிராஸ்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கி வெளியே வரும் வரை அடிப்பது வழக்கம். பளு மிஞ்சினால் நழுவிக் காக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ள கருவியை மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்தால், தகடுகள் துருவால் ஒட்டியிருக்கும். நட்டுகளின் நிலையைக் குறித்துக்கொண்டு தளர்த்தி, சற்று நேரம் நழுவவிட்டு, மறுபடியும் அதே நிலைக்கு இறுக்குங்கள். வேலை முடிந்ததும் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி, மண் ஒட்டாமல் கொட்டகையில் தொங்கவிட்டு, டிராக்டரின் ஷாஃப்ட் பல்லுக்குக் கிரீஸ் தடவித் தொப்பி போட்டு மூடிவிடுங்கள். தொப்பி தொலைந்திருந்தால் பழைய டியூப் துண்டு ஒன்றை இழுத்து மாட்டிக் கம்பியால் கட்டினாலும் ஆகும்.